பாட்டு மெதுவாகும் இடம்

எங்கள் வீட்டு காரேஜில் காருக்கு இடமில்லை. கார் வெளியே மழையில் நிற்கும். உள்ளே ஒரு ரெக்கார்டு பிளேயர், இரண்டு கனத்த ஸ்பீக்கர்கள், மூன்று நாற்காலிகள், ஈரம் உறிஞ்சும் மெஷின் ஒன்று. ஆக்லாந்தின் மேற்கு ஓரத்தில் நாங்கள் இருக்கும் கிளென் ஈடனில் வருஷத்தில் பாதி நாள் மழை. கார் நனைந்தால் துடைத்துக்கொள்ளலாம், இசைத்தட்டின் அட்டையில் பூசணம் பிடித்தால் என்ன செய்வது என்பது என் கட்சி. என் கணவர் இந்த விஷயத்தில் எதிர்க்கட்சி. காரேஜுக்கு அவர் வைத்திருக்கும் பெயர் பஜனை மடம். "இன்னைக்கு பஜனை உண்டா, இல்ல கடைக்குப் போலாமா?" என்று சனிக்கிழமை காலையிலேயே கேட்டுவிடுவார்.

பஜனை கோஷ்டியில் நாங்கள் மூன்று பேர். மூவரும் தமிழர்கள், மூவருக்கும் ராக் பைத்தியம், மற்றபடி எந்த ஒற்றுமையும் கிடையாது. நான் திருச்சிக்காரி, கம்ப்யூட்டர் வேலை. இரண்டாவது ஆள் மலேசியாவில் ஈப்போவிலிருந்து வந்த அக்கா, மருந்துக்கடையில் பார்மசிஸ்ட். மூன்றாமவர் யாழ்ப்பாணத்து அண்ணன். நகரத்தின் தெற்கே மங்கரேயில் வீடு, அங்கேயே விமான நிலையத்தில் சரக்கு ஏற்றும் பிரிவில் வேலை. எங்கள் இருவரையும்விட மூத்தவர். அதனால் எல்லாம் தனக்கே தெரியும் என்ற எண்ணம் அவருக்கு உண்டு. அந்த எண்ணம் அக்காவுக்கும் உண்டு. என் விஷயத்தில் அது எண்ணம் இல்லை, உண்மை.

விதிகள் அண்ணன் போட்டவை. ஒரு நாளைக்கு ஒரே ஆல்பம். தட்டு ஓடும்போது யாரும் வாய் திறக்கக் கூடாது. முடிந்த பிறகு ஆளுக்கு ஆள் கருத்துச் சொல்லலாம், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும். ஆனால் முழுதும் கேட்காதவருக்குக் கருத்துச் சொல்லும் உரிமை இல்லை. ஒருமுறை அக்கா நடுவில் வீட்டுக்குப் போன் பேச எழுந்து போனார் என்பதற்காக, அந்த ஆல்பத்தைப் பற்றி அவரை வாயே திறக்க விடவில்லை அண்ணன். அக்கா அன்று வடையை மட்டும் மென்றுகொண்டு எங்களை முறைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

மூவருக்கும் பொதுவான குழு ஒன்று இருக்கிறது. பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் "ஓ, அவங்களா" என்று நீங்கள் உதட்டைப் பிதுக்குவீர்கள், அப்புறம் நமக்குள் மனஸ்தாபம் வரும். அந்தக் குழுவின் ஒரு ஆல்பத்தை மூவரும் சின்ன வயதில் மூன்று ஊர்களில் கேட்டு வளர்ந்தோம். அதே ஆல்பம் என்றுதான் இங்கே வந்து சந்திக்கும்வரை நினைத்திருந்தோம்.

நான் கேட்டது திருச்சியில் ஒரு ரெக்கார்டிங் சென்டரில் காலி கேசட் கொடுத்துப் பதிவு செய்து வாங்கியது. கேசட் சின்னது, ஆல்பம் பெரியது. கடைசிப் பாட்டு பாதியில், ஒரு வார்த்தையின் நடுவில், கத்தரித்த மாதிரி நின்றுவிடும். அதை நான் பெரிய கலைத் துணிச்சல் என்று நம்பினேன். 'மௌனத்தில் முடிக்கத் தெரிந்தவர்கள்' என்று கல்லூரியில் நாலு பேருக்குப் பிரசங்கமே செய்திருக்கிறேன். பல வருஷம் கழித்து முழுப் பாட்டையும் கேட்டால், அந்த மௌனத்துக்கு அப்புறம் இன்னும் ரெண்டு சரணம் சுமாராகப் பாடிக்கொண்டே போகிறார்கள். மானம் போயிற்று. ஆனாலும் ஒப்புக்கொண்டேன்.

அக்காவுக்கு இந்தக் கவலை இல்லை. "நா ஒரிஜினல் கேசட்டே வாங்கிட்டேன் தெரியுமா? ஒங்கள மாதிரி காப்பி கேட்டு வளந்தவ இல்ல லா," என்று மலேசிய 'லா'வோடு சொல்வார். போதாக்குறைக்கு அந்தக் குழுவைச் சிங்கப்பூரில் நேரிலும் பார்த்தவர். எந்தப் பேச்சிலும் தோற்கிற நிலை வந்தால் சிங்கப்பூரை எடுத்து நடுவில் வைத்துவிடுவார்.

அண்ணனுடைய கேசட்தான் விவகாரம். யுத்த காலம், யாழ்ப்பாணத்தில் மின்சாரம் கிடையாது, பேட்டரி கிடைக்காது. சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்தி, ஒருவர் ஏறி உட்கார்ந்து மிதித்தால் டைனமோ சுற்றும். அதிலிருந்து ஒயர் இழுத்து டேப்ரெக்கார்டரில் மாட்டுவார்கள். சைக்கிள் பின்பக்கத்துத் தாழ்வாரத்தில் நிற்கும். ஒயர் ஜன்னல் வழியாக முன் அறைக்கு வரும். முன் அறையில் அண்ணனும் அவருடைய கூட்டாளிகளும் தரையில் படுத்துக்கொண்டு ராக் கேட்பார்கள். மிதிப்பவர் வேகம் குறைத்தால் பாட்டும் குழைந்து மெதுவாகும். உடனே முன் அறையிலிருந்து ஒரு சத்தம் போனால் சரியாகிவிடும்.

அப்படிக் கேட்ட அண்ணன், இரண்டாம் பக்கத்து மூன்றாம் பாட்டில் ஒரு இடம் உண்டு என்பார். டிரம்ஸ் நின்றுபோகும். கிட்டார் தனியாக வரும். வந்து, அப்படியே மெதுவாகி, சுருதியும் இறங்கி, பிறகு மெல்ல மேலே வந்து டிரம்ஸோடு சேரும்.

"கிற்றார் கிணத்துக்குள்ள இறங்கிப்போட்டுத் திரும்ப ஏறி வாற மாதிரி இருக்கும் தங்கச்சி. உலகத்தில ஒருத்தனும் அப்பிடி வாசிச்சதில்லை."

உண்மைதான், ஒருத்தரும் வாசித்ததில்லை. அந்தக் குழுவும் வாசித்ததில்லை. என் காரேஜில் அந்தத் தட்டை முதன்முதலாகப் போட்ட நாளில் கிட்டார் எந்தக் கிணற்றிலும் இறங்காமல் நேர்ரோட்டில் போவது போலப் போய் டிரம்ஸோடு சேர்ந்துகொண்டது. அண்ணன் விதியை மறந்து, தட்டு ஓடும்போதே எழுந்து நின்றுவிட்டார்.

"உது பிழையான தட்டு," என்றார்.

"இதுதான் அண்ணா ஆல்பம்."

"வெட்டிப்போட்டாங்கள். கொம்பனிக்காரன் திரும்ப அடிக்கேக்க அந்த இடத்தை வெட்டிப்போட்டான்."

அக்கா சிரித்தார். "அண்ணே, ஒரிஜினல் கேசட்டுலயும் இப்படித்தான். சிங்கப்பூர்ல நேர்லயும் இப்படித்தான் வாசிச்சாங்க. ஒங்க சைக்கிள் மிதிச்ச ஆளுக்கு கால் வலிச்சிருக்கும் லா."

"அப்பிடியோ, டொக்டர் அம்மா?" அக்கா டாக்டர் இல்லை என்று தெரிந்தே அண்ணன் அப்படித்தான் கூப்பிடுவார். "சரி, களைச்சுப்போனான் எண்டே வைப்பம். களைக்கிறவன் ஒவ்வொரு நாளும் அந்த ஒரே இடத்திலையோ களைப்பான்? மாசக் கணக்காக் கேட்டனாங்கள். ஒருநாள்கூட இடம் மாறேல்லை."

அது என்னவோ நியாயம்தான். ஆனாலும் நாங்கள் கேலியை விடவில்லை. வேறு நாட்டுப் பதிப்பு, பழைய பதிப்பு என்று அண்ணன் கேட்டதையெல்லாம் தேடித் தருவோம். ஒவ்வொன்றையும் போட்டுப் பார்ப்போம். கிட்டார் ஒவ்வொரு முறையும் நேர்ரோட்டிலேயே போகும்.

அப்படித் தேடியபோதுதான் இன்னொன்று தெரிந்தது. ஒனிஹங்காவில் பழைய இசைத்தட்டு விற்கும் கடை ஒன்று இருக்கிறது. மங்கரேயிலிருந்து பாலத்தைத் தாண்டினால் ஒனிஹங்கா. அண்ணன் அந்தக் கடைக்கு ஒருநாளும் போகமாட்டார். தினமும் ஊரைக் குறுக்கே கடந்து வேலைக்குப் போகும் என்னைத்தான் அனுப்புவார். கேட்டால் பார்க்கிங் இல்லை என்பார். பார்க்கிங் தாராளமாக இருக்கும். கடைசியில் அக்காதான் யாரிடமோ விசாரித்துக்கொண்டு வந்து சொன்னார். ஒனிஹங்காவில் அண்ணனுடைய கூடப்பிறந்த தம்பி இருக்கிறார். பஸ் ஓட்டுகிறார். பேச்சுவார்த்தை இல்லை. பல வருஷமாக இல்லை.

அண்ணனிடமே நேராகக் கேட்டேன். எனக்கு நாக்கு நிற்காது. அவர் கோபிக்கவில்லை, சுருக்கமாகச் சொன்னார். ஊரில் அப்பா இறந்தபோது அண்ணனுடைய விசா புதுப்பிக்கப் போயிருந்தது, நாட்டைவிட்டு நகர முடியாத நிலை. தம்பிக்குத் தடை இல்லை, போய்விட்டார். அனுமதி கேட்டிருக்கிறேன், ஓரிரு நாள் பொறுங்கள், மூத்தவன் நான் வந்து கொள்ளி வைக்கிறேன் என்று அண்ணன் இங்கிருந்து சொன்னாராம். அங்கே சொந்தக்காரர்கள் பொறுக்கவில்லை. தம்பி வைத்துவிட்டார். திரும்பி வந்து வாசலில் நின்ற தம்பியை அண்ணன் உள்ளே கூப்பிடவில்லை.

"சைக்கிள் மிதிச்சது யாருண்ணா?" என்று கேட்டேன். எதற்காகக் கேட்டேன் என்று தெரியவில்லை.

"அவன்தான். வேற ஆர்?"

அதற்குப் பிறகு அந்த மெதுவான இடத்தைப் பற்றி அவரைக் கேலி செய்வது எனக்குக் கஷ்டமாகிவிட்டது. அவர் ஏன் அதை விடமாட்டார் என்பது புரிந்துபோயிற்று. இருக்கிற இசையிலேயே தனக்கு மிகப் பிடித்த இடம் தம்பியின் காலில் இருந்து வந்தது என்று ஒப்புக்கொள்ள அந்த மனுஷனுக்கு மனம் வரவில்லை. அதைவிட ஒரு கம்பெனிக்காரன் வெட்டிவிட்டான் என்று நம்புவது சுலபம்.

இந்த நிலைமையில்தான் அந்தக் குழு மறுபடி ஒன்று சேர்ந்தது. பாடகரும் கிட்டார்காரரும் இனி ஒரே மேடையில் ஏறுவதில்லை என்று சபதம் போட்டுப் பிரிந்தவர்கள். ஒருவரையொருவர் பேட்டிகளில் திட்டியே கொஞ்ச காலம் ஓட்டினார்கள். இப்போது இருவருக்கும் முடி நரைத்து, சேர்ந்து உலகம் சுற்றக் கிளம்பியிருந்தார்கள். ஆக்லாந்துக்கும் வருகிறார்கள் என்று செய்தி வந்தது. அக்கா காரேஜில் ஒரு சுற்று ஆடியேவிட்டார்.

"நான் வரேல்லை," என்றார் அண்ணன். "பிரிஞ்சதுகள் பிரிஞ்சதாவே இருக்கிறதுதான் மரியாதை. உதெல்லாம் காசுக்காகச் சேருறது. மனசு சேராமல் வாசிச்சால் அது பாட்டோ?"

"காசுக்காகவோ எதுக்காகவோ, சேந்தாங்கல்ல? அது போதும் லா எனக்கு."

"உங்களுக்கு எல்லாம் போதும். உங்களுக்குக் கேக்கத் தெரியாது."

அக்காவுக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது. "அண்ணே, முழுசா கேக்காம கருத்து சொல்லக் கூடாதுன்னு ரூல் போட்டது யாரு? கச்சேரிய கேக்காமலே கருத்து சொல்றீங்க. தம்பி என்ன சொல்ல வந்தாருன்னும் கேக்கல, அதுக்கும் ஒரு கருத்து வெச்சிருக்கீங்க."

அண்ணன் ஜாக்கெட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினார். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். வடையோடு வந்த என் கணவர், பஜனை இன்று சீக்கிரம் முடிந்துவிட்டதே என்று கேட்டு என்னிடம் வாங்கிக்கட்டிக்கொண்டார்.

இரண்டு சனிக்கிழமை அண்ணன் வரவில்லை. பிறகு எனக்கு ஒரு போன் வந்தது. "டிக்கெற் எனக்கும் ஒண்டு எடுங்கோ. மேடையில வெட்ட ஏலாது. அங்கை அந்த இடத்தை வாசிச்சே ஆகவேணும். அப்ப தெரியும் டொக்டர் அம்மாவுக்கு." மனுஷன் விடாப்பிடியாகத் தன் கிணற்றைத் தேடித்தான் வருகிறார் என்று எனக்குச் சிரிப்பு வந்தது. கொஞ்சம் பயமாகவும் இருந்தது. அங்கேயும் கிட்டார் நேர்ரோட்டில் போனால் இவர் என்ன செய்வார்?

கோடைக்காலம், திறந்தவெளி மேடை, சாயங்காலம் ஏழரை மணிக்கும் வெயில் சுள்ளென்று அடித்தது. கூட்டத்தைப் பார்த்தால் ராக் கச்சேரிக்கு வந்த கூட்டமாகத் தெரியவில்லை. மூட்டுவலி டாக்டரின் காத்திருப்பு அறை மாதிரி இருந்தது. ஆண்களில் பாதிப்பேருக்குத் தலைமுடி இல்லை, மீதிப்பேர் இருப்பதைப் பின்னால் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். வயிற்றில் இறுகிய பழைய டீ-சர்ட். சன்ஸ்கிரீன் வாசனை. அக்கா தொழில் தர்மப்படி பையிலிருந்து காதடைப்பான்களை எடுத்து எல்லோருக்கும் நீட்டினார். "காது போனா திரும்ப வராது," என்றார். அண்ணன் அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

குழு வந்தது. பாடகரும் கிட்டார்காரரும் மேடையின் இரண்டு ஓரங்களில் நின்றுகொண்டார்கள், நடுவில் ஒரு லாரியை நிறுத்தலாம். பாடகர் உச்சஸ்தாயி வரும் இடங்களில் மைக்கைக் கூட்டத்தின் பக்கம் திருப்பிவிட்டார். நாங்கள் பாடினோம். "காசு குடுத்து வந்து நாங்களே பாடவேண்டிக் கிடக்கு," என்றார் அண்ணன், ஆனால் உரக்கப் பாடினார். வார்த்தை ஒன்று தப்பவில்லை. எல்லா ஆல்பங்களிலும் எல்லா வரியும் அவருக்குத் தெரியும்.

பிறகு அந்தப் பாட்டு தொடங்கியது. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். கேலி செய்யக் காத்திருந்தவர்தான். டிரம்ஸ் நின்றது. கிட்டார் தனியாக வந்தது. அண்ணன் கண்ணை மூடி, முகத்தைக் கொஞ்சம் மேலே தூக்கிக்கொண்டார். கிட்டார் மெதுவாகவில்லை. இறங்கவில்லை. நேராகப் போய் டிரம்ஸோடு சேர்ந்தது. கூட்டம் ஆர்ப்பரித்தது.

அண்ணன் கண்ணைத் திறந்தார். எங்கள் இருவரையும் பார்க்காமல் திரும்பி, ஆட்களை விலக்கிக்கொண்டு வெளியே நடந்தார். நெஞ்சு கிஞ்சு வலிக்கிறதோ என்று பயந்து நான் பின்னாலேயே ஓடினேன். தற்காலிகக் கழிப்பறைகள் வரிசையாக நிற்கும் இடத்தில், ஒரு வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் கேட்பதற்குள் போனை எடுத்துக் காதில் வைத்துவிட்டார். தம்பியின் எண்ணை அவர் அழிக்கவே இல்லை என்பதை அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

"நான்தான்," என்றார். எப்படி இருக்கிறாய் என்று கேட்கவில்லை. அப்பாவைப் பற்றி எடுக்கவில்லை. மறு காதைக் கையால் அடைத்துக்கொண்டு, கத்தினார்:

"அந்தப் பாட்டில, கிற்றார் தனிய வாற இடத்தில, நீ ஏனடா ஒவ்வொரு நாளும் மெல்ல மிதிச்சனீ?"

எந்தப் பாட்டு என்று அந்தப் பக்கம் கேட்கவில்லை என்பது அண்ணன் முகத்திலேயே தெரிந்தது. வெகுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தார். நடுநடுவே "ஓம், ஓம்" என்று ஆமோதித்தார். கடைசியில், "வீட்டிலேயே நில். வாறன்," என்று சொல்லி வைத்தார்.

"என்ன சொன்னாருண்ணா?"

"டைனமோ இரைச்சலில அவனுக்கு ஒண்டும் கேக்காதாம். டிரம்ஸ் நிக்கிற இடத்தில மட்டும் ஏதோ கிற்றார் மாதிரி தூரத்தில கேக்குமாம். அது என்னெண்டு கேக்கிறதுக்காக மிதிக்கிறதைக் கொஞ்சம் குறைப்பானாம்." அண்ணன் வேலியை இன்னும் விடவில்லை. "களைச்சுக் குறைக்கேல்லை, தங்கச்சி. அவனும் கேக்க ஆசைப்பட்டிருக்கிறான். நான் ஒருநாளும் இறங்கி வா, வந்து கேள் எண்டு சொல்லேல்லை. வேற இடத்தில குறைச்சால், மிதியடா எண்டு உள்ளுக்கிருந்து கத்தினதுதான்."

மேடையில் அடுத்த பாட்டு தொடங்கிவிட்டது. கச்சேரியில் பாதியில் எழுந்து போவது பாவம் என்று எங்களுக்கு ஆயிரம் தரம் சொன்னவர், அந்தக் குழுவின் மிகச் சிறந்த பாட்டுகளெல்லாம் மிச்சம் இருக்கும்போது ஒனிஹங்காவுக்குப் போய்விட்டார். நான் திரும்பி வந்து சொன்னதும் அக்கா காதடைப்பானைக் கழற்றிவிட்டு, திரும்பச் சொல்லச் சொன்னார். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "கச்சேரிய பாதிதான் கேட்டாரு. கருத்து சொல்ல விடக் கூடாது," என்றார்.

அவர்கள் வீட்டில் அன்று என்ன பேசினார்கள், அப்பாவின் விஷயம் வந்ததா என்று எனக்குத் தெரியாது. என் நாக்கே அதைக் கேட்கவில்லை. அடுத்த பஜனை நாளில் அண்ணனுடைய காரிலிருந்து இரண்டு பேர் இறங்கினார்கள். தம்பி ஒல்லியாக, அண்ணனைவிட நரைத்துப்போய் இருந்தார். வாசலிலேயே செருப்பை விட்டுவிட்டு, காரேஜுக்கு எதற்கு என்று நாங்கள் சொல்லியும் கேட்காமல், வெறுங்காலோடு உள்ளே வந்தார். சமையலறையிலிருந்து நான்காவதாக ஒரு நாற்காலி கொண்டுவந்தேன். அண்ணன் அதில் உட்கார்ந்துகொண்டு, தம்பியை ஸ்பீக்கர்களுக்கு நேர் நடுவில் இருந்த தன் நாற்காலியில் உட்காரவைத்தார்.

முதல் பக்கம் முடிந்து, தட்டின் இரண்டாம் பக்கத்தைப் போட்டோம். மூன்றாம் பாட்டு வந்தது, கிட்டார் தனியாக வந்தது, போனது. தம்பி முழங்காலில் கைகளை வைத்துக்கொண்டு, பஸ் ஓட்டுகிறவரைப் போலவே நேராகப் பார்த்துக்கொண்டு கேட்டார். பக்கம் முடிந்ததும் அக்கா, "புதுசா வந்தவங்கதான் மொதல்ல கருத்து சொல்லணும், தம்பி," என்றார்.

அவர் கூச்சத்தோடு அண்ணனைப் பார்த்தார். அண்ணன் தலையசைத்தார்.

"நல்லா இருக்கு," என்றார் தம்பி. "ஆனா அந்தப் பாட்டில ஒருத்தர் பாடுறார் எண்டு எனக்கு இண்டைக்குத்தான் தெரியும்."

எங்கள் மூவருக்கும் எதைப் பற்றியும் கருத்து உண்டு. நானும் அக்காவும் எங்கள் தேநீர்க் கோப்பைகளைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அண்ணன் முகத்தை மறைக்காமல் அழுதார்.